பூட்ஸுக்குள் தண்ணீர்: வெளிநாட்டு மலையேற்றத்தில் ‘வாட்டர்ப்ரூஃப்’ ஷூ கைவிட்டால் என்ன செய்வது?

திருப்பூரில் ‘ஏ.க்யூ.எல். 2.5’ என்று சொன்னால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். ஏற்றுமதிக்குத் தயாராகிப் பெட்டியில் அடைத்த 1,000 டி-ஷர்ட்டுகளில் 80-ஐ உருவி எடுத்துச் சோதிப்பார்கள். பெரிய குறை உள்ளவை 5 வரை இருந்தால் ஷிப்மென்ட் பாஸ். 6 ஆகிவிட்டால் ரிஜெக்ட். அப்படியென்றால், பாஸ் ஆன பெட்டிகளுக்குள்ளும் சில குறைப் பீஸ்கள் கடல் தாண்டிப் போகத்தான் செய்யும். செக்கிங் டேபிளில் நிற்கும் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது.

ஷூ தொழிற்சாலைக்கும் இதே கணக்குதான். பெரிய பிராண்டாக இருக்கலாம், விலை 200 யூரோவாக இருக்கலாம். இன்றைய மதிப்பில் அது 20 ஆயிரம் ரூபாயைத் தாண்டும். ஆனாலும், அந்த லாட்டில் தப்பி வந்த குறைப் பீஸ் யார் காலில் மாட்டும் என்பது யாருக்கும் தெரியாது.

தீபாவளி விடுமுறையில் கம்பெனிகள் மூடும்போது திருப்பூரே காலியாகும். அந்தச் சமயம்தான் நேபாளத்தில் மலையேற்ற சீசன். பையரைச் சந்திக்க ஐரோப்பா போகும் மெர்ச்சண்டைசர்கள், வேலை முடிந்ததும் நான்கு நாள் லீவு சேர்த்து ஆல்ப்ஸ் பக்கம் ஒதுங்குவதும் உண்டு. வெள்ளியங்கிரியில் ஏழு மலையும் வெறுங்காலில் ஏறி இறங்கியவர்களாகவே இருந்தாலும், பனியும் மழையும் கலந்த பாதைக்கு முதல்முறையாக ‘வாட்டர்ப்ரூஃப்’ பூட்ஸ் வாங்குகிறார்கள். இரண்டாம் நாள் மழையில் சாக்ஸ் நனைகிறது.

வேடிக்கை என்னவென்றால், பையர் ஒருவர் குறை சொன்னால் லாட் நம்பர், போட்டோ, டெஸ்ட் ரிப்போர்ட், மெயில் என அத்தனையும் கேட்டு வாங்கும் அதே ஆள், தன் ஷூ ஒழுகும்போது மட்டும் “சரி விடுங்க, நம்ம நேரம்” என்று சொல்லிவிட்டு ஊருக்கு விமானம் ஏறிவிடுகிறார். அந்த 20 ஆயிரத்தை மீட்க அவருக்கு இருக்கும் வாய்ப்பில் பெரும்பகுதி, விமானம் ஏறும் நிமிடத்தில் முடிந்துபோகிறது.

முதலில் கால், அப்புறம் பில்

கிளெய்ம் பேசுவதற்கு முன்னால் அன்றைய இரவைக் கடக்க வேண்டும். ஈரமும் குளிரும் சேர்ந்து பல மணி நேரம் காலைச் சூழ்ந்திருந்தால், உறைபனி இல்லாமலேயே பாதம் பாதிக்கப்படும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் நின்ற சிப்பாய்களைப் படுத்திய பிரச்சினை இதுதான். பாதம் வெளிறி, சுருங்கி, மரத்துப்போனால் அது எச்சரிக்கை. நன்றாகத் துடைத்து, மெதுவாகச் சூடேற்றி, காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, நெருப்பில் நேராகக் காட்டவும் கூடாது. உணர்ச்சி திரும்பவில்லை என்றால் மறுநாள் நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி.

பூட்ஸைக் காயவைக்க உள்ளே இருக்கும் இன்சோலைக் கழற்றி, லேஸை முழுக்கத் தளர்த்தி, பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணிக்க வேண்டும். அது ஈரம் உறிஞ்சியதும் மாற்ற வேண்டும். தாள் கிடைக்காத இடத்தில் ஒரு உலர்ந்த டி-ஷர்ட் போதும். நேபாள மலை விடுதிகளில் சாப்பாட்டு அறையின் நடுவில் எரியும் அடுப்பைச் சுற்றி எல்லோரும் ஷூவை அடுக்கி வைத்திருப்பார்கள். அதற்கு மிக அருகில் வைத்தால் சோலை ஒட்டிய பசை இளகும், தோல் விறைக்கும். மறுநாள் சோல் பிரிந்தால் அது உற்பத்திக் குறையா, அடுப்பு செய்த வேலையா என்று நிரூபிப்பதும் கஷ்டம்.

மறுநாள் நடந்தே ஆக வேண்டும் என்றால் சாக்ஸுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுற்றிப் பூட்ஸை மாட்டலாம். வியர்வை உள்ளேயே நிற்கும், கொப்புளம் வரலாம். ஒரு நாள் சமாளிப்புக்கு மட்டுமே அது. சாக்ஸ் கம்பளியாகவோ செயற்கை இழையாகவோ இருக்கட்டும். பனியன் ஊர்க்காரர்களுக்குக் காட்டன் மேல் பாசம் அதிகம். ஆனால் நனைந்த காட்டன் சாக்ஸ் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு காலைக் குளிர வைக்கும். அந்தப் பாசத்தை ஊரிலேயே விட்டுவிடலாம்.

ஒழுகுதா, வேர்க்குதா?

சாக்ஸ் ஈரமாக இருப்பதாலேயே ஷூ ஒழுகுவதாக முடிவு கட்ட முடியாது. கடைக்காரர் கேட்கப்போகும் முதல் கேள்வியும் இதுவே.

வாட்டர்ப்ரூஃப் பூட்ஸின் ரகசியம் வெளித்தோலில் இல்லை, உள்ளே ஒளிந்திருக்கிறது. நிட்டிங் லைனிங் துணியோடு மிக மெல்லிய ஒரு சவ்வை ஒட்டி லேமினேட் செய்கிறார்கள். அதைப் பாதத்தின் வடிவில் வெட்டித் தைத்து, தையல் ஓட்டைகளின் மேல் சூட்டில் உருகும் டேப்பை ஒட்டுகிறார்கள். இப்படி உருவாகும் உள்சாக்ஸ் போன்ற ஒன்றை ஷூவுக்குள் வைத்து மூடுகிறார்கள். லேமினேஷன், நிட் துணி, சீம் டேப் என்று பார்த்தால், ஷூவுக்குள் இருப்பது பாதி திருப்பூர் சமாச்சாரம்தான்.

இந்தச் சவ்வுகளில் பிரபலமானது கோர்-டெக்ஸ். அமெரிக்காவின் பாப் கோர் 1969-இல் ஒரு பிளாஸ்டிக் கம்பியைச் சூடாக்கிச் சட்டென்று இழுத்தபோது கிடைத்த பொருளிலிருந்து பிறந்தது. ஒரு சதுர அங்குலத்தில் 900 கோடிக்கும் மேல் நுண்துளைகள் இருப்பதாக அந்நிறுவனம் சொல்கிறது. தண்ணீர்த் துளி அவற்றுக்குள் நுழைய முடியாது; வியர்வையின் ஆவி வெளியேறலாம்.

‘வெளியேறலாம்’ என்பதில்தான் சிக்கல். உள்ளே சூடும் ஈரப்பதமும் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் ஆவி வெளியே தள்ளப்படும். வால்பாறை மாதிரியோ பாலி மாதிரியோ வெளியேயும் புழுக்கமாக இருந்தால், சவ்வு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேலை நடக்காது. கால் தன் வியர்வையிலேயே நனையும்.

இன்னொரு காரணம், பூட்ஸின் வெளித்துணி தண்ணீர் குடித்துப் பாரமாவது. புது ஷூவின் மேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். அது சவ்வின் வேலை இல்லை. வெளியே பூசிய நீர்விலக்கி பினிஷின் வேலை. சேறும் உரசலும் அதைத் தேய்த்துவிடும். அப்புறம் வெளித்துணி ஊறி, குளிர்ந்து, ஆவி வெளியேறும் வழியை அடைக்கும். சவ்வு கிழியாமலே உள்ளே நசநசவென்று ஆகும். இதற்கு மருந்து கழுவுவதும், மலையேற்றக் கடைகளில் கிடைக்கும் நீர்விலக்கி ஸ்பிரேயைப் பூசுவதும்தான். கடையோடு சண்டை போட்டுப் பயனில்லை.

இந்தப் பினிஷ் விஷயம் முன்பைவிட இப்போது அதிகம் பேசப்படுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்தவை ‘பி.எஃப்.ஏ.எஸ்.’ எனப்படும் புளோரின் ரசாயனங்கள். இயற்கையில் எளிதில் சிதையாதவை என்பதால் பல நாடுகள் இவற்றைத் தடை செய்து வருகின்றன. பிரான்சில் இவை கலந்த ஆடை, காலணிகளுக்கான தடை 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. புளோரின் இல்லாத மாற்றுப் பினிஷ் தண்ணீரை விலக்கும். எண்ணெய்ப் பிசுக்கு, அழுக்கு விஷயத்தில் பழையது அளவுக்குத் தாங்காது. சாயப்பட்டறை, பிராசஸிங் வேலையில் இருப்பவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. வாங்கும் இளைஞருக்கு அதன் பொருள், புது ஷூவை முன்பைவிட அடிக்கடி கழுவிப் பராமரிக்க வேண்டும் என்பது.

மூன்றாவது, மேலிருந்து இறங்கும் தண்ணீர். பேன்ட்டில் வழிந்து, சாக்ஸ் விளிம்பு வழியாக உள்ளே போகும். கணுக்காலுக்கு மேலே உயரமான பூட்ஸிலும் நடக்கும். மழைப் பேன்ட்டைப் பூட்ஸுக்கு வெளியே விடாமல் உள்ளே சொருகியவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டுகிறார்கள்.

இந்த மூன்றும் இல்லாமல் உண்மையாகவே ஒழுகுகிறதா என்று பார்க்க விடுதி அறையிலேயே ஒரு டெஸ்ட் செய்யலாம். பூட்ஸை முழுக்கக் காயவைக்க வேண்டும். இன்சோலை எடுத்துவிட்டு உள்ளே டிஷ்யூ தாளைப் பரப்ப வேண்டும். பக்கெட்டிலோ குளியல் தொட்டியிலோ நாக்குப் பகுதியின் தையலுக்குக் கீழே நிற்கும்படி தண்ணீர் விட்டு, பூட்ஸை அதில் வைத்து, விரல்கள் மடங்கும் இடத்தைக் கையால் திரும்பத் திரும்ப மடக்க வேண்டும். 15 நிமிடத்தில் தாளில் ஈரம் தெரிந்தால் அது வேர்வை இல்லை. ஈரம் எந்த இடத்தில் என்பதுதான் முக்கியம். ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே வீடியோவாக எடுத்துக்கொள்வது நல்லது. உள்ளே தண்ணீர் ஊற்றி வெளியே கசிகிறதா என்று பார்க்கும் வழியும் உண்டு. மலைப்பாதையில் அது வேண்டாம். காய இரண்டு நாள் ஆகும், “நீங்களே கெடுத்துட்டீங்க” என்று கடைக்காரர் சொல்லவும் இடம் கொடுக்கும்.

குறை எந்த இடத்தில் என்பது பாதி வழக்கைத் தீர்த்துவிடும். சில நாட்களே போட்ட ஷூவில் உள்தையல் வரிசையில் கசிவு என்றால், டேப் சரியாக ஒட்டவில்லை என்று சந்தேகிக்கலாம். அது உற்பத்திக் குறை. குதிகால் பக்கம் லைனிங் தேய்ந்து ஓட்டை என்றால், லேஸை அவிழ்க்காமலே காலை நுழைத்ததும், உள்ளே போன மணலும் காரணமாக இருக்கலாம். ஒரு வருடம் ஓடிய பூட்ஸில் விரல் மடிப்பில் கசிந்தால் அது தேய்மானம் என்று கடை வாதாடும்.

கம்பெனியா, கடையா?

ஐரோப்பியக் கடைகளில் அடிக்கடி கேட்கும் பதில்: “தயாரிப்பாளருக்கு எழுதுங்கள்.” பெரும்பாலான பயணிகள் இதோடு திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டியதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல் நடைமுறையில் உள்ள 2019/771 என்ற வழிகாட்டுச் சட்டப்படி, பொருள் சொன்னபடி இல்லை என்றால் முதல் பொறுப்பு விற்ற கடைக்குத்தான். பொறுப்புக் காலம் குறைந்தது 2 ஆண்டுகள். ஸ்பெயினில் 3 ஆண்டுகள். முதல் ஓராண்டுக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் வேலை. பிரான்சில் இந்தச் சலுகை 2 ஆண்டுகள் முழுக்க உண்டு. தயாரிப்பாளர் தரும் வாரன்டி இதற்கு மேலே கூடுதலாக வருவது. அதைக் காட்டிச் சட்டப் பொறுப்பிலிருந்து கடை நழுவ முடியாது.

வாங்கியவரின் பாஸ்போர்ட் எந்த நாடு என்று இந்தச் சட்டம் பார்ப்பதில்லை. பத்து நாள் டூரிஸ்ட் விசாவில் வந்தவருக்கும் இதே உரிமை. ‘வெளியில் போட்டு நடந்த ஷூவைத் திரும்ப வாங்க மாட்டோம்’ என்ற பலகையும் இங்கே பொருந்தாது. மனசு மாறித் திருப்பித் தருபவர்களுக்கான விதி அது. ஒழுகும் ஷூவின் ஒழுகலை, நடக்காமல் யாரும் கண்டுபிடிக்க முடியாது இல்லையா?

ஆனால் எடுத்தவுடன் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. முதலில் பழுதுபார்த்தல் அல்லது மாற்று ஜோடி. அதைக் கடை மறுத்தாலோ, நியாயமான காலத்தில் செய்யாவிட்டாலோதான் விலைக் குறைப்பும் பணம் திரும்பப் பெறுவதும். இங்கே பயணிக்கு ஒரு நல்ல பிடி இருக்கிறது. பரிகாரம், வாங்கியவருக்குப் பெரிய அசௌகரியம் இல்லாமல் அமைய வேண்டும் என்கிறது சட்டம். “தொழிற்சாலைக்கு அனுப்பி மூன்று வாரத்தில் தருகிறோம்” என்று சொன்னால், வியாழக்கிழமை ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டைக் காட்டலாம். மலையேற்றத்துக்கு என்று சொல்லி வாங்கிய ஷூ, மலையேற்றம் முடிந்த பிறகு வந்து என்ன பயன்? பல கடைகளில் இந்த ஒரு வாதத்திலேயே மாற்று ஜோடிக்குப் பேச்சு நகரும்.

பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து மூன்றையும் தொட்டு மோன் பிளாங் மலையைச் சுற்றிவரும் சுமார் 170 கிலோமீட்டர் பாதையை எடுத்துக்கொள்ளலாம். பிரான்சின் ஷாமொனியில் பூட்ஸ் வாங்கி, இத்தாலியின் கூர்மாயூரில் ஒழுகுவது தெரிகிறது. ஒப்பந்தம் ஷாமொனி கடையோடுதான். அதே செயின் கடையின் இன்னொரு கிளை உதவினால் அது மரியாதைக்கு, கட்டாயம் இல்லை. அந்த ஊரிலிருந்து சுரங்கப்பாதை வழியாக ஷாமொனிக்குப் பேருந்து இருக்கிறது. ஒரு நாள் போனாலும் பரவாயில்லை என்று திரும்பிப் போவதா, புதிதாக ஒரு ஜோடி வாங்கித் தொடர்வதா என்ற முடிவை அங்கேயே எடுக்க வேண்டும். சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்த பிறகு அங்கே வாங்கியிருந்தால் கதை வேறு. அது ஒன்றியத்தில் இல்லை. அங்கேயும் 2 ஆண்டு என்று சட்டம் சொன்னாலும், கடை தன் விற்பனை நிபந்தனைகளில் பொறுப்பைக் குறைத்துக்கொள்ள இடம் உண்டு. பில்லின் பின்பக்கம் படிக்க வேண்டிய நாடு அது.

எதுவானாலும், பேசியதை அன்றைக்கே மெயிலாகப் போட வேண்டும். வாங்கிய தேதி, பில் நம்பர், மாடல், சைஸ், நாக்குப் பகுதிக்குள் இருக்கும் லேபிளில் அச்சான தயாரிப்பு எண், எத்தனை நாள் நடந்தது, கசிவு எந்த இடத்தில், வீடியோ, என்ன பரிகாரம் வேண்டும், எந்தத் தேதிக்குள். ஒரு பையரிடமிருந்து இப்படி ஒரு மெயில் வந்தால் திருப்பூர் கம்பெனியில் அன்று மாலையே மீட்டிங் நடக்கும். அதே பாணியில் எழுதினால் போதும், கோபம் தேவையில்லை. கடைக்காரர் ஷூவை வாங்கி வைத்துக்கொண்டால் அதற்கு ரசீது கேட்க மறக்கக் கூடாது.

திருப்பூர்க்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ‘செலவுக் கணக்கில் காட்டிக்கலாம்’ என்று பில்லைக் கம்பெனி பெயரில் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. நுகர்வோர் சட்டம் தனிநபர் தன் சொந்த உபயோகத்துக்கு வாங்குவதற்குத்தான். கம்பெனி பெயரில் பில் இருந்தால், இது வியாபாரத்துக்கு வியாபாரம் என்று கடை கையை விரிக்கலாம். பூட்ஸ் பில் சொந்தப் பெயரிலேயே இருக்கட்டும்.

பிரிட்டன், சிங்கப்பூர், அமெரிக்கா

பிரிட்டனில் வாங்கியிருந்தால் நிலைமை இன்னும் தெளிவு. 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாட்களுக்குள் குறையுள்ள பொருளை நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதன் பிறகு, கடைக்குப் பழுதுபார்க்கவோ மாற்றித்தரவோ ஒரு வாய்ப்பு. பயணிக்கு அந்த 30 நாள்தான் பொன்னான காலம்.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் ‘லெமன் லா’ என்ற சட்டம் இருக்கிறது. 6 மாதத்துக்குள் தெரியும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். அங்கே உறவினர் இருந்தால், பயணம் முடிந்தும் கடைக்குப் போய் நிற்க ஆள் கிடைப்பது பெரிய வசதி.

அமெரிக்காவில் நாடு முழுக்கப் பொருந்தும் இப்படிப்பட்ட 2 ஆண்டு உரிமை கிடையாது. மாநிலச் சட்டமும், கடையின் சொந்த ரிட்டர்ன் கொள்கையும்தான். அந்தக் கொள்கை சில இடங்களில் தாராளமாகவே இருக்கும். ‘ஆர்.இ.ஐ.’ என்ற பெரிய மலையேற்றக் கடைச் சங்கிலி தன் உறுப்பினர்களுக்கு ஓராண்டும், மற்றவர்களுக்கு 90 நாளும் தருகிறது. வாங்கும் முன் கவுன்டரில் கேட்டுவிடுவது உத்தமம்.

கடை எதற்கும் அசையவில்லை, ஊர் திரும்பியாயிற்று என்றால் மிச்சம் இருப்பது கார்டு. கிரெடிட் அல்லது டெபிட் கார்டில் கட்டியிருந்தால், பொருள் குறையுள்ளது என்ற காரணத்தில் வங்கியிடம் ‘சார்ஜ்பேக்’ கேட்கலாம். கார்டு நிறுவனங்களின் விதிகளில் பொதுவாக 120 நாள் என்ற கணக்கு ஓடுகிறது. வங்கி முதலில் கேட்பது, கடையிடம் தீர்க்க முயன்றதற்கு என்ன ஆதாரம் என்பதுதான். அந்த மெயிலின் அருமை அப்போது தெரியும். ரொக்கமாகக் கொடுத்தவர்களுக்கு இந்தக் கதவே இல்லை. பயண இன்சூரன்ஸைப் பலர் நம்புகிறார்கள். ஆனால் பொதுவாக அது திருட்டு, தொலைந்துபோதல் போன்றவற்றுக்குத்தான். உற்பத்திக் குறையும் தேய்மானமும் அதில் சேராது. கடை மனமிறங்கி மாற்று ஜோடியை இந்தியாவுக்கு அனுப்பினால், வரும் பார்சலுக்குச் சுங்க வரி கட்ட நேரலாம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

காத்மாண்டுவின் தமேல் தெருவில் இந்தச் சட்டம் எதையும் பேசிப் பயனில்லை. அங்கே பிரபல பிராண்டுகளின் பெயர் பொறித்த நகல்கள் குவிந்து கிடக்கும். விலையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். போலிச் சரக்கு என்று தெரிந்தே, ரொக்கம் கொடுத்து, பில் இல்லாமல் வாங்கிவிட்டு வாட்டர்ப்ரூஃப் இல்லை என்று திரும்பிப் போனால் கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். ஜாக்கெட், தூக்கப் பை போன்றவற்றை அங்கே வாடகைக்கு எடுப்பது புத்திசாலித்தனம். பூட்ஸை மட்டும் அப்படிச் செய்யாமல் இருப்பது நல்லது. எவரெஸ்ட் அடிவார முகாம் இருப்பது 5,364 மீட்டர் உயரத்தில். அங்கே போகும் வழியில் புது ஷூ கடிப்பதும் ஒழுகுவதும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. நடுவழியில் கைவிட்டால் நாம்சே பஜாரில் மலையேற்றக் கடைகள் இருக்கின்றன. அங்கே சைஸும் விலையும் கிடைத்தபடிதான்.

கோவையில் வாங்கி நேபாளத்தில் ஒழுகினால்

உண்மையில் பலருக்கும் நடப்பது இதுதான். கோவைக் கடையிலோ ஆன்லைனிலோ வாங்கி, வெளிநாட்டுப் பாதையில் குறை தெரியவருகிறது. இதில் அவசரம் இல்லை. ஆதாரத்தை மட்டும் அங்கேயே சேர்த்துக்கொண்டு வந்தால் போதும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆன்லைன் கடையின் தலைமையகம் பெங்களூரில் இருந்தாலும், திருப்பூரில் வசிப்பவர் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தையே நாடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. கால அளவு 2 ஆண்டுகள். முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அங்கே தீரவில்லை என்றால் ‘இ-ஜாக்ருதி’ இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். இங்கேயும், வியாபார நோக்கத்துக்கு வாங்கியது என்றால் நுகர்வோர் என்ற தகுதி போய்விடும்.

வெளிநாட்டுக் கடை மீது இங்கே வழக்குப் போட முடியுமா என்று சிலர் கேட்பார்கள். போட்டாலும், அந்த ஊர் ஒற்றைக் கடையை இங்கே வரவழைத்து உத்தரவை நிறைவேற்றுவது நடக்கிற காரியமில்லை. ஐரோப்பாவில் எல்லை தாண்டிய புகார்களுக்கென இருக்கும் நுகர்வோர் மையங்களும் அந்த ஒன்றியத்திலும் நார்வே, ஐஸ்லாந்திலும் வசிப்பவர்களுக்குத்தான். விமானம் ஏறும் முன் கடையில் நிற்பதற்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது இதனால்தான்.

பீரோ மேல் தூங்கும் பூட்ஸ்

கடைசியாக, எந்தக் கடை மீதும் பழி போட முடியாத ஒரு கோளாறு. ஐந்தாறு வருடத்துக்கு முன் ஒரு டிரெக்கிங்குக்காக வாங்கிய பூட்ஸ். நான்கு நாள் போட்டது; அப்புறம் அட்டைப்பெட்டியில் பீரோ மேல். பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். அதை நம்பி நேபாளத்துக்கு எடுத்துப்போனால், இரண்டாம் நாள் சோல் அப்படியே கழன்று விழும். நடுவில் இருக்கும் மெத்தைப் பகுதி ரொட்டித் தூள் மாதிரி உதிரும்.

காரணம், பல நல்ல மலையேற்றப் பூட்ஸ்களில் அந்த நடுச்சோல் பாலியூரித்தேனால் ஆனது. காற்றிலுள்ள ஈரப்பதம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த நம்மூர் போன்ற இடங்களில் இது வேகமாக நடக்கும். போடாமல் பத்திரமாக வைத்தால் ஆயுள் கூடும் என்ற நினைப்பு இந்த விஷயத்தில் தலைகீழ். காற்றில்லாத பெட்டிக்குள் பூட்டி வைப்பதைவிட, அவ்வப்போது போட்டு நடப்பது அதற்கு நல்லது. பொதுவாக ஐந்து முதல் பத்து ஆண்டுகள்தான் இதன் வாழ்நாள், நடந்தாலும் நடக்காவிட்டாலும்.

அதனால் பழைய பூட்ஸோடு கிளம்புபவர்கள், நடுச்சோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். விரிசல் கோடு தெரிந்தாலோ, பிசுபிசுத்தாலோ, தூள் உதிர்ந்தாலோ அது ஊரைத் தாண்டக் கூடாது. சரியாகத் தோன்றினாலும் பை சுமந்தபடி இரண்டு மூன்று முழுநாள் நடை போட்டுப் பார்ப்பது அவசியம். வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. மழைக்காலம் ஒட்டி ஏதாவது ஒன்றில் நடந்தால் சோலும் சவ்வும் ஒரே நாளில் பரீட்சை எழுதிவிடும். புது ஷூ வாங்கியவர்களுக்கும் இது பொருந்தும். குறைப் பீஸ் என்றால், மாற்றித்தர வேண்டிய கடை அப்போது பஸ் ஏறும் தூரத்தில் இருக்கும்.

வழியில் கழன்றுவிட்டால், டக்ட் டேப்பும் நைலான் கயிறும் ஒரு நாள் தாங்கும். கயிற்றைச் சோலின் பள்ளங்களுக்குள் ஓடவிட்டுக் கட்டினால் சீக்கிரம் தேயாது. கீழே இறங்கியதும் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் விளிம்பைச் சுற்றிக் கெட்டியாகத் தைத்துக் கொடுப்பார், அதுவும் குறைந்த கூலிக்கு. நடக்க அது போதும். ஆனால் அந்த ஊசி உள்ளே இருக்கும் சவ்வையும் சேர்த்தே குத்திவிட்டிருக்கும். அந்த ஜோடியை அதற்குப் பிறகு மழையில் நம்ப முடியாது. வெயில் கால நடைக்கு ஒதுக்கிவிடலாம்.